கரிமூட்டை

பகலில் என் வேலை தூசு துடைப்பது.
துடைப்பது என்று சொல்லக்கூடாது, துணி படவே கூடாது.
குழாயிலிருந்து உலர்பனியைப் பீய்ச்சுவோம்.
அது கண்ணாடிமேல் வெள்ளையாய்ச் சறுக்கி
கரூ சமவெளியின் புழுதியை வாரிக்கொண்டு
தரை தொடுமுன் காற்றாகிவிடும்.
மயிர் கத்தரிக்கப் பிடித்துவைத்த செம்மறிபோல
தொலைநோக்கி அதுவரை அசையாமல் சாய்ந்திருக்கும்.

இரவில் புசெலெட்சோவுக்கு வேலை தூசு தேடுவது.
லெசோத்தோ மலையிலிருந்து வந்தவள்,
காப்பிக்கு நாலு கரண்டி சர்க்கரை.
"விரட்டுகிற உனக்கும் சம்பளம், மக்டலீன்,
தேடுகிற எனக்கும் சம்பளம்.
தூசுக்குத்தான் யாரும் தருவதில்லை" என்பாள்.

ஒருநாள் திரையில் காட்டினாள்:
ஒரு விண்மீன், அதைச் சுற்றி நீலப் புகை.
புகை எரியவில்லையாம்.
பக்கத்து வெளிச்சத்தை வாங்கிச் சிதறடிக்கிறதாம்,
சிதறுவதில் நீலம் எப்போதும் முந்திக்கொள்ளும்.
அதே தூசுக்குப் பின்னால் நிற்கும் விண்மீனோ
நீலத்தை வழியில் பறிகொடுத்து
சிவந்துபோய் வந்துசேரும்.

எதனால் ஆனது என்று கேட்டேன்.
கரி, பனி, சிலிக்கேட்.
கல்லா?
கல்தான். சிகரெட் புகையைவிடப் பொடிசு.
சிலது ஊசிபோல் நீண்டிருக்கும்.

ஊசிபோல் நீண்ட கல்லை எனக்குத் தெரியும்.

ப்ரீஸ்காவுக்கு அப்பால், ஆரஞ்சு ஆற்றங்கரையில்
அம்மா சுத்தியலால் தட்டித்தட்டி உரித்தாள் அதை.
நீலக் கல்நார்.
பாறைக்குள்ளிருந்து பஞ்சு வரும்.
எடைக்குக் கூலி.
மூட்டைக்குள் என்னை இறக்கி, மிதி என்பார்கள்.
ஐந்து வயதுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும் அதன் வாய்.
குதித்தேன். எனக்கு அது விளையாட்டு.
சாயங்காலம் என் இமைமயிரெல்லாம் நீலம்.
அம்மா சிரித்தாள்.

பிறகு கிம்பர்லி ஆஸ்பத்திரியில்
விளக்குப் பலகைமேல் அவள் நெஞ்சை மாட்டினார்கள்.
விலா எலும்புகளுக்கிடையே முகில்.
வெளிச்சம் புக முடியாத இடம்
எக்ஸ்ரேயில் வெள்ளையாய்த் தெரிகிறது,
வானத்தில் கருப்பாய்.
கம்பெனி அதற்குள் ஊரைக் காலிசெய்திருந்தது.
மலையையும் எங்களையும் எடுத்துப்போகவில்லை.

இதையெல்லாம் புசெலெட்சோவிடம் சொன்னதில்லை.
மூன்று மணிக் குளிரில் வெளியே நின்றோம்.
தென்சிலுவையின் ஓரத்தில் கிழிசல்போல் ஓர் இருட்டு,
அதன் பெயரே கரிமூட்டை.
"ஓட்டை இல்லை அது. பின்னால்
விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன,
வெப்பத்தைப் பார்க்கும் கருவிக்குத் தெரியும்" என்றாள்.
அங்கே காந்தம் உண்டாம், இருக்கிறதோ இல்லையோ என்னும்படி மெலிந்தது.
அதற்கே ஊசிகளெல்லாம் ஒரு பக்கமாய்த் திரும்பிக்கொண்டு
நடுவே வரும் வெளிச்சத்தைச் சீப்பாய் வாரிவிடுமாம்.
அந்த வகிட்டைப் பார்த்துத்தான்
தூசு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதுவாளாம்.

மூட்டையில் அதை அடைத்தது யார் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
"கிழட்டு விண்மீன்கள். கடைசி மூச்சுகளில் துப்பியது.
ஆனால் அதிலிருந்துதான் புதிதாய்..." என்று
ஆறுதல் குரலில் தொடங்கினாள்.
அந்தப் பாதி வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்காமல்
தன் காப்பியை என்னிடம் நீட்டினாள்.
கழுத்து வரை இனித்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு எடுத்த படம்
அலமாரியில், மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது.
வலது அடிப்பக்கம் நகக்கண் அளவு ஏதோ.
"ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்,
ஆறு மாதம் கழித்து வா" என்றார் டாக்டர்.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்,
பின்னால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி தெரிந்தது.

இன்று காலை பதினேழாம் கண்ணாடி.
குனியும்போது மூச்சை அடக்கவேண்டும், அது விதி,
ஈரம் பட்டால் வெள்ளிப்பூச்சு கெடும்.
புதுப் பையன் ரூவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
முப்பது எண்ணு, நிமிர், திரும்பி மூச்சு விடு.
அவன் இருபதில் திணறுகிறான்.
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு,
விளிம்பில் இன்னும் ஒரு துகள்.